"உடைஞ்சு வந்திருக்கு, பணத்தைத் திருப்பி அனுப்புங்க": ஆன்லைனில் விற்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காலை ஏழு மணிக்கு வாட்ஸப்பில் ஒரு படம் வருகிறது. நீங்கள் அனுப்பிய சட்டி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. கீழே ஒரே வரி, "உடைஞ்சு வந்திருக்கு, பணத்தைத் திருப்பி அனுப்புங்க." நான் சேலத்திலிருந்து கல்சட்டியும் இரும்புத் தோசைக்கல்லும் ஆன்லைனில் விற்கிறேன். கல்சட்டி மாக்கல்லில் செய்வது. தூக்கினால் கனம், ஆனால் கீழே போட்டால் தாங்காது. அதனால் இந்தச் செய்தியை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். சிலது முழு உண்மை. சிலது முழுப் பொய். பாதிக்கு மேல் இரண்டும் இல்லை: வாங்கியவர் மனதார நம்பித்தான் சொல்கிறார், ஆனால் உடைந்தது வழியில் இல்லை, அவர் அடுப்பில்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் எங்கே மறுக்கலாம், எங்கே மறுக்கவே கூடாது என்பது புரியும். வீட்டிலிருந்து விற்பவர்களில் பலர், குறிப்பாகப் புதிதாகத் தொடங்கிய பெண்கள், பயந்துபோய் எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆறு மாதத்தில் கடையை மூடுகிறார்கள். இன்னும் சிலர் யாருக்குமே தராமல் சண்டை போட்டுப் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் படி: உடனே பதில், ஆனால் முடிவு சொல்லாத பதில்

படத்தைப் பார்த்ததும் வயிறு எரியும், தெரியும். அந்தச் சூட்டில் "நாங்க நல்லாத்தான் அனுப்பினோம், நீங்கதான் உடைச்சிருப்பீங்க" என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வரியைத்தான் நாளைக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து எல்லா இடத்திலும் காட்டுவார்கள். அதேபோல "ஐயோ சாரி, பணத்தை அனுப்பிடறோம்" என்றும் எழுதாதீர்கள், ஏனென்றால் அதற்கப்புறம் நீங்கள் என்ன ஆதாரம் கொடுத்தாலும் "முதல்லயே ஒத்துக்கிட்டாங்களே" என்றுதான் பார்ப்பார்கள்.

நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

"வணக்கம் மேடம். உங்க புகார் கிடைச்சது, பதிவு பண்ணிட்டேன். சட்டி இப்படி ஆனதுக்கு வருத்தப்படறேன். எங்கே, எப்படி ஆச்சுன்னு பார்க்கச் சில படங்கள் வேணும், கீழே பட்டியல் கொடுத்திருக்கேன். அட்டைப்பெட்டி, உள்ளே வச்ச பேக்கிங், உடைஞ்ச துண்டு எதையும் தூக்கிப் போட வேண்டாம். படம் வந்த ரெண்டு நாளுக்குள்ள என்ன செய்யலாம்னு சொல்றேன்."

வருத்தம் இருக்கிறது, ஒப்புதல் இல்லை, கெடு இருக்கிறது. இதுபோதும். தாமதிக்கவும் முடியாது. 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, அமேசான், ஃபிளிப்கார்ட் மாதிரித் தளங்களில் விற்பவர் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். வீட்டில் ஒரே ஆளாக விற்கிறீர்கள் என்றால் அந்த அலுவலரும் நீங்கள்தான்.

அடுத்தது: எதை மறுக்க முடியும், எதை முடியாது

இதில்தான் பலர் தவறுகிறார்கள். "நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்" என்று பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்துவிட்டால் கேடயம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். கிடைக்காது. அதே 2020 விதிகள், பொருளில் குறை இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ விற்பவர் திரும்ப வாங்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்கின்றன. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. பில்லில் கால அளவு எதுவும் போடவில்லை என்றால் அதற்கு 30 நாள் என்று வைத்துக்கொள்கிறது.

"கூரியரிடம் கொடுத்ததோடு என் பொறுப்பு முடிந்தது" என்ற வாதத்தையும் நம்பிப் போகாதீர்கள். வீட்டு வாசலில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லித்தான் காசு வாங்கியிருக்கிறீர்கள், கூரியரைத் தேர்ந்தெடுத்ததும் நீங்கள்தான்.

"அன்பாக்ஸிங் வீடியோ இல்லாவிட்டால் க்ளெய்ம் கிடையாது" என்பது இப்போது எல்லாக் கடைக்காரர்களும் போடும் வரி. நானும் வீடியோ கேட்கிறேன், ஆனால் கட்டாயப்படுத்துவதில்லை. சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் மறுத்தால், பெட்டியின் ஒரு மூலை நசுங்கிய படம் ஒன்றை வாங்கியவர் காட்டினால் போதும், உங்கள் பேச்சு எடுபடாது. எழுபது வயது அம்மா ஒருவர் பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துக்கொண்டா இருப்பார்?

அப்போது என்ன சொல்லித்தான் மறுக்க முடியும்? இரண்டே இரண்டுதான். "டெலிவரி ஆன நேரத்தில் பொருள் உடையாமல் இருந்தது" அல்லது "நீங்கள் காட்டுவது நான் அனுப்பிய பொருளே அல்ல." இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைக் காட்ட முடிந்தால் மட்டும் மேலே போங்கள்.

உடைந்த இடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நீங்கள் விற்கும் பொருள் எப்படியெல்லாம் உடையும் என்பது உங்களைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. தளத்தில் உட்கார்ந்து க்ளெய்ம் பார்ப்பவருக்குக் கல்சட்டி என்றாலே என்னவென்று தெரியாது, ஆகவே நாம்தான் விளக்க வேண்டும்.

கல்சட்டி வழியில் அடிபட்டு உடைந்தால், அடி விழுந்த இடம் ஒன்று கண்டிப்பாக இருக்கும். பெரும்பாலும் விளிம்பில் அல்லது காதில். அந்த இடத்தில் கல் நசுங்கி வெளிறிய மாவு போல இருக்கும், அங்கிருந்து விரிசல்கள் இரண்டு மூன்றாகப் பிரிந்து ஓடும். பெட்டிக்குள் சில்லுகளும் தூளும் கிடக்கும், பபுள் ராப்பின் உள்பக்கம் மாக்கல் பொடி ஒட்டியிருக்கும். உடைந்த விளிம்பு முழுக்க ஒரே நிறத்தில், புதுக் கல்லின் வெளிர்ச் சாம்பலில் இருக்கும்.

சூட்டில் விரிசல் விட்ட சட்டி அப்படி இருக்காது. விரிசல் அடிப்பாகத்தில் தொடங்கி வளைந்து மேலே வாய் வரை போகும், அடிபட்ட இடம் என்று எதையும் காட்ட முடியாது, சில்லு அவ்வளவாகச் சிதறாது. புதுக் கல்சட்டியை அப்படியே அடுப்பில் வைக்கக் கூடாது. சில நாள் சுடுகஞ்சி ஊற்றி வைத்து, விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி ஊறவைத்து, அப்புறம் சிறு தீயில் மெல்ல மெல்லப் பழக்க வேண்டும். பழக்காமல் பெருந்தீயில் வைத்தாலோ, சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினாலோ விரிசல் விட்டுவிடும். அடியில் கரி இருக்கிறதா, உடைந்த விளிம்பில் எண்ணெய் இறங்கிய கறுப்பு ஓரம் தெரிகிறதா, உள்பக்கத்தில் பால் அல்லது குழம்பின் கோடு இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பழக்காத புதுச் சட்டி வெளிறித்தான் இருக்கும், எண்ணெய் பட்டால்தான் கறுக்கும். வெளிறிய சட்டியை அனுப்பி, கறுத்த சட்டியின் படம் வந்தால் அது அடுப்பேறிவிட்டது என்று அர்த்தம்.

ஹைதராபாத்திலிருந்து ஒருவர் அனுப்பிய படத்தில் நான் கண்டது இதைத்தான். டெலிவரி ஆகி நான்காம் நாள் "உடைந்து வந்தது" என்று தளத்தில் புகார் போட்டுவிட்டார். விரிசல் அடியிலிருந்து மேலே போயிருந்தது, தூள் இல்லை, உள்ளே பால் பொங்கிய வெள்ளைக் கோடு. பெட்டியின் படம் கேட்டேன், ஆறு பக்கமும் அனுப்பினார், ஒரு மூலைகூட நசுங்கவில்லை. அப்புறம் போனில் பேசினால், அவரே சொல்கிறார், "பால் காய்ச்ச வச்சேன், டப்புனு சத்தம் கேட்டுச்சு, வரும்போதே உள்ள விரிசல் இருந்திருக்கணும்." அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. உண்மையாகவே அப்படி நம்புகிறார். அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் எழுதிய பதிலில் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை, ஆனால் ரீஃபண்டை மறுத்தேன், தளமும் என் பக்கம் முடிவு செய்தது. பழக்கும் முறையை நான் விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தேனே தவிர பெட்டிக்குள் வைக்கவில்லை. அது என் குறை என்பதால் அடுத்த சட்டியை அவருக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன். இப்போது ஒவ்வொரு சட்டிக்குள்ளும் ஒரு சிவப்புச் சீட்டு போகிறது.

உங்கள் பொருள் பித்தளை விளக்கு என்றால் நெளிவு எந்தப் பக்கம், கண்ணாடி என்றால் துண்டுகள் ராப்புக்குள்ளேயே இருக்கின்றனவா, ஊறுகாய் பாட்டில் என்றால் எண்ணெய் அட்டையில் ஊறியிருக்கிறதா என்று இதேபோல உங்களுக்கான அடையாளங்களை நீங்களே எழுதி வையுங்கள். ஊறுகாய் பாட்டில் வழியில் உடைந்து அட்டை மட்டும் சுத்தமாக இருக்க வழியே இல்லை.

என்னென்ன படம் கேட்க வேண்டும்

நான் கேட்பது: பெட்டியின் ஆறு பக்கமும், பார்சல் எண் தெரியும் லேபிள், பெட்டியைத் திறந்தபடி உள்ளே பேக்கிங், எல்லாத் துண்டுகளையும் ஒரே துணியில் பரப்பி, பக்கத்தில் அந்த லேபிளை வைத்து ஒரு படம், உடைந்த விளிம்பு கிட்டத்தில், அடிப்பாகம். பத்து வினாடி வீடியோவில் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிக் காட்டச் சொல்கிறேன்.

லேபிளைப் பக்கத்தில் வைக்கச் சொல்வது சும்மா இல்லை. இணையத்தில் எடுத்த படத்தில் உங்கள் ஆர்டர் எண் இருக்காது. ஆனால் ஏஐ வைத்து விரிசல் வரைந்த படத்தைப் பிடிக்க இது மட்டும் போதாது. இப்போது ஒரு நல்ல பாத்திரத்தின் படத்தைக் கொடுத்து "உடைந்த மாதிரி மாற்று" என்றால் ஒரு நிமிடத்தில் மாற்றிக் கொடுக்கும் செயலிகள் எல்லார் கையிலும் இருக்கின்றன. படத்தில் சந்தேகம் வந்தால் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், ஒரே விரிசல் இரண்டு படத்தில் வேறு வேறு வடிவத்தில் வளைகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும்விட வீடியோ கேட்பதே நல்லது.

வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் எடுத்த தேதி, நேரம் எல்லாம் உதிர்ந்துவிடும். ஆகவே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாட்ஸப்பிலேயே டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். கேட்கும் தொனி முக்கியம். போலீஸ் விசாரணை மாதிரி கேட்டால் நல்ல மனிதர்கூடக் கோபப்படுவார். "கூரியர்காரங்ககிட்ட க்ளெய்ம் போடவும் இந்தப் படங்கள்தான் வேணும்" என்று சேர்த்துச் சொல்லுங்கள், அது உண்மையும்கூட.

உங்கள் பக்கத்து ஆதாரம்

இது புகார் வந்தபின் உருவாக்க முடியாதது. பேக் செய்யும்போதே எடுத்து வைத்திருந்தால் உண்டு. மேசைக்கு மேலே ஒரு பழைய போனை ஸ்டாண்டில் மாட்டி வையுங்கள். வீடியோ இந்த வரிசையில் ஓட வேண்டும்: ஆர்டர் லேபிள், பொருளை எல்லாப் பக்கமும் சுற்றிக் காட்டுவது, தராசில் எடை, பேக்கிங், டேப் ஒட்டுவது, கடைசியில் ஒட்டிய லேபிள். நடுவில் நிறுத்தக் கூடாது. கல்சட்டியாக இருந்தால் நான் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டுவேன். நல்ல சட்டி கணீர் என்று ஒலிக்கும், விரிசல் விட்டது சொத்தென்று கேட்கும். அந்த ஒலி வீடியோவில் பதிவாக வேண்டும் என்பதற்காகவே மின்விசிறியை நிறுத்திவிடுவேன்.

எடையைக் கிராம் வரை எழுதுங்கள். கையால் செய்த பொருளில் இரண்டு ஒரே எடை வராது. என் பில்லில் "2 லிட்டர் கல்சட்டி, 3 கிலோ 640 கிராம்" என்றே இருக்கும். திரும்பி வந்த துண்டுகள் 2 கிலோ 900 என்றால் அது வேறு சட்டி, இல்லாவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு துண்டுகள் வரவில்லை. இரண்டில் எது என்றாலும் கேள்வி கேட்கலாம். கல்லில் ஓடும் வரிகளும் கைரேகை மாதிரிதான், என் வீடியோவையும் அவர் படத்தையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

கூரியரின் கண்காணிப்புப் பக்கத்தை, டெலிவரி நாளும் நேரமும் தெரியும்படி அன்றைக்கே சேமித்து வையுங்கள், சில மாதத்தில் அது காணாமல் போய்விடும்.

கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிடுங்கள்

பெட்டி நசுங்கியிருக்கிறது, தூள் இருக்கிறது, டெலிவரி ஆன அன்றே புகார் வந்துவிட்டது. இதில் வாதாட ஒன்றுமே இல்லை. அன்றைக்கே பணம் அல்லது புதுப் பொருள், எது வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். உடைந்ததைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கூரியர் செலவை அவர் தலையில் கட்டாதீர்கள்.

ஒரு சமயம் கூரியர் செலவைக் குறைக்கப் போய் நானே இதில் மாட்டினேன். கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி பொதுவாக 5000ஆல் வகுத்து வருவதையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். 35க்கு 35க்கு 25 பெட்டி என்றால் 6 கிலோவுக்கு மேல் கணக்கு. 30க்கு 30க்கு 20 என்றால் 3.6 கிலோ. சின்னப் பெட்டிக்கு மாறினேன், ஐந்தடுக்கு அட்டையிலிருந்து மூன்றடுக்குக்கும் இறங்கினேன். சட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு விரல் இடம்கூட இல்லை. ஒரே வாரத்தில் மூன்று சட்டி உடைந்தது. மூன்று பேருக்கும் முழுப் பணம் கொடுத்தேன், பழைய பெட்டிக்கே திரும்பினேன். அந்த மூன்றில் ஒன்றை நான் மறுத்திருந்தாலும் அது அநியாயம்.

எங்கே வாதாடுவது: பணம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

தளத்தில் விற்றது என்றால், பெரும்பாலும் உங்களைக் கேட்காமலே வாங்கியவருக்குப் பணம் போய்விடும். நீங்கள் கேட்பது உங்கள் நஷ்டத்தைத் தளம் ஈடு செய்ய வேண்டும் என்பதை. அமேசானில் அதற்குப் பெயர் சேஃப்-டி க்ளெய்ம், ஃபிளிப்கார்ட்டில் எஸ்பிஎஃப், அதாவது விற்பவர் பாதுகாப்பு நிதி. கெடு ஒவ்வொன்றிலும் வேறு, அடிக்கடி மாற்றுவார்கள், ஆகவே ரிட்டர்ன் பதிவான அன்றே செல்லர் பேனலைத் திறந்து கடைசி நாளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். நியாயமான க்ளெய்ம்கள் பல கெடு தவறியே விழுகின்றன. பொருள் தளத்தின் கிடங்கிலிருந்து போயிருந்தால் பேக்கிங் அவர்களுடையது, அதற்கு வழி தனி, அதை உங்கள் பேக்கிங் வீடியோவோடு போட்டுக் குழப்பாதீர்கள்.

ரிட்டர்ன் பார்சல் கைக்கு வரும் நிமிடம்தான் உங்கள் வழக்கின் உயிர். கூரியர் பையன் அவசரப்படுத்துவான், "கையெழுத்து போடுங்கண்ணா, டைம் ஆச்சு" என்பான். பெட்டி கிழிந்திருந்தால் முதலில் படம் எடுத்து, ரசீதில் "கிழிந்த நிலையில் பெற்றேன்" என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்து. பிரிப்பதையும் பேக்கிங் வீடியோ போலவே வெட்டு இல்லாமல் எடுங்கள், லேபிள், எடை, உள்ளே இருப்பது எல்லாம் வர வேண்டும். எவ்வளவு வேலை இருந்தாலும் "அப்புறம் பிரிக்கலாம்" என்று மூலையில் போடாதீர்கள்.

சொந்த இணையதளத்தில் கார்டு மூலம் வந்த பணம் என்றால், வாங்கியவர் வங்கியில் சார்ஜ்பேக் போடலாம், அதாவது கொடுத்த பணத்தைத் திரும்ப எடுத்துத் தரச் சொல்லித் தன் வங்கியிடமே கேட்கலாம். உங்களுக்காகக் கார்டு பணத்தை வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வரும், அதில் காரணக் குறியீடு இருக்கும். விசா கார்டில் "சொன்னபடி இல்லை அல்லது குறையுள்ள பொருள்" என்பது 13.3, மாஸ்டர்கார்டில் இந்த மாதிரிப் புகார்கள் 4853இல் வரும். பதிலுக்கு மிகக் குறைந்த நாள்தான் கிடைக்கும். விசாவில் இந்தக் காரணத்துக்கு, வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும் அல்லது கொடுக்க முயன்றிருக்க வேண்டும். நீங்கள் ரிட்டர்ன் பிக்கப் ஏற்பாடு செய்தும் அவர் கொடுக்கவில்லை என்றால் அந்த உரையாடல்தான் உங்கள் முதல் ஆதாரம். இன்னொன்று, சார்ஜ்பேக் ஓடிக்கொண்டிருக்கும்போது இரக்கப்பட்டுத் தனியாக ஜிபேயில் பணம் அனுப்பிவிடாதீர்கள், இரண்டு தடவை போய்விடும். கொடுப்பது என்று முடிவு செய்தால் சார்ஜ்பேக்கையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

வாட்ஸப், இன்ஸ்டாகிராம் வழியாக யுபிஐயில் வாங்கியிருந்தால் நடுவில் தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. பேசித்தான் தீர்க்க வேண்டும். அதனால் எழுத்தில் பேசுங்கள், போனில் பேசினாலும் முடிந்ததும் "இப்போ பேசினதுபடி..." என்று ஒரு செய்தி போட்டுவிடுங்கள்.

எப்படி எழுதுவது

க்ளெய்ம் பார்ப்பவர் உங்கள் கதையைப் படிக்க மாட்டார். தேதி, ஆதாரம், கேட்பது என்ன, இவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும், ஆனால் வடிவம் இது:

"டெலிவரி மார்ச் 9. புகார் மார்ச் 13. இணைப்பு 1, பேக்கிங் வீடியோ: 0.40இல் சட்டி முழுதாக இருப்பதும் தட்டும் ஒலியும், 1.15இல் எடை 3.640 கிலோ. இணைப்பு 2, வாங்கியவர் அனுப்பிய பெட்டிப் படங்கள்: ஆறு பக்கமும் சேதமில்லை. இணைப்பு 3, உடைந்த சட்டி: விரிசல் அடியிலிருந்து தொடங்குகிறது, உள்ளே பால் கறை, அடியில் கரி. இது அடுப்பில் பயன்படுத்திய பின் ஏற்பட்ட விரிசல். இணைப்பு 4, பயன்படுத்தியதாக வாங்கியவரே சொன்ன செய்தி. ரீஃபண்ட் தொகை 1,850 ரூபாயை எனக்கு ஈடு செய்யக் கேட்கிறேன்."

வீடியோவில் எந்த நொடி என்று குறிப்பிடுவதை விடாதீர்கள். நான்கு நிமிட வீடியோவை யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. "இந்த வாடிக்கையாளர் மோசடிப் பேர்வழி" என்று எழுதவே வேண்டாம். நிராகரித்தால் அதே கடிதத்தை மறுபடி அனுப்பாமல், அவர்கள் சொன்ன காரணத்துக்கு மட்டும் பதில் கொடுத்து மேல்முறையீடு செய்யுங்கள்.

தீர்ந்ததும் தீராததும் எப்படி இருந்தாலும், அவர் போன் எண்ணையோ முகவரியையோ விற்பனையாளர் குழுவில் போட்டு "இவங்ககிட்ட ஜாக்கிரதை" என்று எழுதாதீர்கள். ஒற்றை நட்சத்திர விமர்சனத்தை எடுக்கச் சொல்லிக் காசு கொடுப்பதும் வேண்டாம், தளங்கள் அதற்காகக் கணக்கையே முடக்கும்.

கூரியரிடம் கேட்பது

வழியில் உடைந்தது என்று தெரிந்து நீங்கள் பணம் கொடுத்துவிட்டால் அந்த நஷ்டத்தைக் கூரியரிடம் கேட்கலாம். 2007ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குச் சட்டம் கூரியர் நிறுவனங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. வழக்குப் போடும் முன், பார்சல் பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். அதிக மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காவிட்டால், அந்தச் சட்டத்தின் விதிகள்படி பொறுப்பு சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்கோடு நின்றுவிடும். 180 ரூபாய்க் கட்டணத்துக்கு 1,800 வரை. என் சட்டிக்கு அது கிட்டத்தட்டச் சரியாகப் போகும், ஐயாயிரம் ரூபாய் விளக்குக்குப் போதாது. அதற்குப் பதிவு செய்யும்போதே மதிப்பை எழுதி, கூடுதல் கட்டணமோ இன்சூரன்ஸோ கட்டிவிடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால்

பயப்படாதீர்கள், ஆனால் தூக்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். வாங்கியவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்திருந்தால் அது சமரச நிலைதான், ஆதாரத்தோடு மரியாதையாகப் பதில் கொடுத்தால் அங்கேயே முடிய வாய்ப்பு அதிகம். மாவட்ட ஆணையத்தில் வழக்கே போட்டுவிட்டால் கதை வேறு. 2019 சட்டப்படி அவர் தன் ஊரிலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. நீங்கள் பதில் மனு கொடுக்க 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அந்த 45 நாளைத் தாண்டினால் நீட்டிக்கவே முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. இந்த இடத்தில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். 1,850 ரூபாய் சட்டிக்காக ஹைதராபாத் போய் வருவதா என்ற கணக்கையும் போடுங்கள், சில சமயம் மனசு கேட்காவிட்டாலும் சமரசம்தான் புத்திசாலித்தனம்.

வீடியோவை அங்கே சாட்சியாகக் காட்ட வேண்டியிருந்தால், 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவில் மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் முறை இருக்கிறது. அதற்கு அசல் கோப்பு கையில் இருப்பது நல்லது, வெட்டி ஒட்டி வாட்ஸப்பில் சுற்றிய பிரதியை மட்டும் நம்பாதீர்கள்.

ஜிஎஸ்டி இருந்தால்

பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கிரெடிட் நோட் போடுங்கள், அதாவது பழைய பில் தொகையைக் குறைக்கும் சீட்டு. அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் கணக்கில் காட்டாவிட்டால் கட்டிய வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. உடைந்த பொருளுக்கு எடுத்த உள்ளீட்டு வரியையும் (வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொண்ட ஜிஎஸ்டி) திருப்ப வேண்டும், இதை ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, எதையும் சீக்கிரம் அழிக்காதீர்கள். நுகர்வோர் வழக்குப் போட 2 வருட அவகாசம் இருக்கிறது. போனில் இடம் போதாது, நான் மாதா மாதம் வீடியோக்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, கோப்பின் பெயராக ஆர்டர் எண்ணையே வைத்துவிடுவேன். திரும்பி வந்த உடைந்த சட்டிகள் பின்கட்டில் ஒரு சாக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டுக் கட்டியிருக்கும். க்ளெய்ம் முடிந்து மேல்முறையீட்டுக் கெடுவும் போன பிறகுதான் அந்தச் சீட்டை அவிழ்ப்பேன்.